முதல் ஆர்.சி. டிரக்: எது முதலில் உடைய வேண்டும்?

ஆர்.சி. எனப்படும் ரிமோட் டிரக் வரும் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருப்பது வேகம். மணிக்கு 50 கிலோமீட்டர், 60, 80. முதல் வண்டி வாங்கப் போகிறவர்களும் அந்த எண்ணைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் கடைசியாகப் பார்க்க வேண்டிய எண் அது. வண்டி எதிலாவது மோதினால் எந்தப் பாகம் முதலில் உடையும், அதன் விலை என்ன, எங்கே கிடைக்கும் என்பதை முதலில் விசாரியுங்கள்.

பொம்மைக் கடை ரிமோட் காரையும் ‘ஹாபி கிரேடு’ வண்டியையும் பிரிப்பது இந்தக் கேள்விதான். பொம்மையில் சிக்னல் வாங்கும் ரிசீவரும் மோட்டாரை ஓட்டும் சர்க்யூட்டும் பெரும்பாலும் ஒரே பலகையில் இருக்கும். ஒன்று போனால் மொத்த வண்டியும் பரணுக்குப் போகும். ஹாபி வண்டியில் எல்லாம் தனித்தனி. நாலு திருகைக் கழற்றினால் பழையதை எடுத்துப் புதியதை மாட்டிவிடலாம். ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1976-ல் தன் முதல் ஆர்.சி. காரான போர்ஷே 934-ஐ விற்றதே வாங்கியவர் பூட்டிக்கொள்ள வேண்டிய பாகங்களாகத்தான். பூட்டத் தெரிந்தவருக்குக் கழற்றவும் தெரியும் அல்லவா?

உடைவதைப் பற்றிப் பேசுமுன் உடையாமல் இருப்பதைப் பற்றிக் கொஞ்சம். ஓர் ஆள் உயர மணல் மேட்டிலிருந்து பாய்ந்து விழுந்த டிரக் எதுவும் நடக்காததுபோல ஓடிப்போகும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு டன் எடையுள்ள நிஜ டிரக்கை நீள, அகல, உயரத்தில் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் அதன் கன அளவு ஆயிரத்தில் ஒன்றாகிவிடும்; எடை இரண்டு கிலோ. 1/10 அளவில் வரும் டிராக்ஸஸ் ஸ்லாஷ் என்ற பிரபலமான டிரக்கின் எடையும் ஏறத்தாழ அதுதான், 2.2 கிலோ. ஆனால் ஒரு பாகத்தின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. அது நூறில் ஒன்றாகத்தான் குறைகிறது. ஆக, தன் எடையோடு ஒப்பிட்டால் குட்டி டிரக் பெரியதைவிடப் பத்து மடங்கு வலுவானது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவது கண்ணுக்குப் பத்து மீட்டர் வீழ்ச்சிபோலத் தெரிந்தாலும், அதன் உடம்புக்கு அது ஒரு மீட்டர்தான்.

வேகத்துக்கு வந்தால் இந்தச் சலுகை கிடையாது. வண்டி சுருங்கியிருக்கிறது, வேகம் சுருங்கவில்லை. மணிக்கு 50 கிலோமீட்டரில் போய்த் தெருவோரக் கல்லில் இடிக்கும் டிரக், கிலோவுக்கு இவ்வளவு என்று ஆற்றலைக் கணக்கிட்டால், நிஜ லாரி அதே வேகத்தில் இடித்ததற்குச் சமம். உயரமாக மாற்றிப் பார்த்தால் கிட்டத்தட்ட 10 மீட்டர், அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து தரையில் போட்டதற்கு ஒப்பு. அதே கல்லில் 25 கிலோமீட்டரில் இடித்தால் இரண்டரை மீட்டர்தான். பாதி வேகம், கால்வாசி ஆற்றல். ஸ்லாஷ் போன்ற வண்டிகளில் வேகத்தைப் பாதியாகக் கட்டிப்போடும் பயிற்சி முறை உண்டு. அதைச் சின்னப் பிள்ளைகளுக்கானது என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2.2 கிலோ வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதில் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 210 ஜூல். மணிக்கு 130 கிலோமீட்டரில் வரும் கிரிக்கெட் பந்தில் இருப்பது அதில் பாதி. யாருடைய கணுக்கால் பக்கத்திலும் ஓட்டக் கூடாது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

இந்த ஆற்றல் மோதும்போது எங்கேயாவது போயாக வேண்டும். நல்ல வடிவமைப்பாளர் அது எங்கே போக வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார். முன்சக்கரத்தைத் தாங்கும் கை நைலானில் இருக்கும். அது வளையும், அதிர்ச்சியில் ஒரு பங்கை விழுங்கும், முடியாதபோது உடையும். அந்தக் கையைப் பிடித்திருக்கும் சேசிஸ் என்ற அடிச்சட்டம் தப்பிக்கும். புதிதாக வாங்கியவர்கள் பலர் முதல் உடைசலுக்குப் பிறகு பளபளக்கும் அலுமினியக் கை வாங்கி மாட்டுகிறார்கள். கை இப்போது உடையாது. அடுத்த மோதலில் அதன் பின்னால் இருக்கும் கியர் பெட்டியின் கூடு உடையும். விலை மலிவான பாகத்தை வலுவாக்கினால் பலவீனம் விலை உயர்ந்த பாகத்துக்கு இடம்பெயர்கிறது. முதல் வருஷம் உலோகப் பாகங்களின் பக்கமே போகாமல் இருப்பது பர்ஸுக்கு நல்லது.

ஸ்டீயரிங்கிலும் இதே ஏற்பாடு. சக்கரத்தைத் திருப்புவது சர்வோ என்னும் சின்னப் பெட்டி. ரிசீவர் அதற்கு நொடிக்கு ஐம்பது முறையாவது ஒரு மின்துடிப்பு அனுப்புகிறது. துடிப்பு 1.5 மில்லி நொடி நீண்டால் சக்கரம் நேராக நிற்க வேண்டும். 1-ஐ நெருங்கினால் ஒரு பக்கம், 2-ஐ நெருங்கினால் மறுபக்கம். சர்வோவுக்குள் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர், தண்டு இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கேட்ட கோணத்துக்கும் இருக்கும் கோணத்துக்கும் உள்ள வித்தியாசம் தீரும்வரை உள்ளே இருக்கும் குட்டி மோட்டார் சுழலும். சக்கரம் கல்லில் அடிபட்டால் அந்த அடி பின்னோக்கி வந்து சர்வோவின் பொடிப் பற்களைச் சிதைத்துவிடும் என்பதால், நடுவில் ‘சர்வோ சேவர்’ என்று ஒரு ஸ்பிரிங் அமைப்பு இருக்கும். வழக்கமான விசைக்கு அசையாது, இடி விழுந்தால் விட்டுக்கொடுக்கும். மோட்டார் பக்கம் அதே வேலையைச் செய்வது ஸ்லிப்பர் கிளட்ச். காற்றில் வேகமாகச் சுழலும் பின்சக்கரம் தரையைத் தொட்டதும் சட்டென்று நிற்கப் பார்க்கும். அந்தக் கணத்தில் கிளட்ச் கொஞ்சம் வழுக்கி, கியர் பற்கள் மழுங்காமல் காப்பாற்றும். வாங்கப் போகும் வண்டியின் விவரக் குறிப்பில் இந்த இரண்டு பெயரையும் தேடிப் பாருங்கள்.

எந்த வகை டிரக் என்ற கேள்விக்குப் பதில், ஓட்டப் போகும் தரையில் இருக்கிறது. ஒரு வண்டி வளைவில் கவிழுமா சறுக்குமா என்பதை ஒரு எளிய வகுத்தல் சொல்லிவிடும். இடது, வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரத்தில் பாதியை, எடையின் மையம் இருக்கும் உயரத்தால் வகுக்க வேண்டும். டயருக்கும் தரைக்குமான உராய்வுக் கெழு அந்த எண்ணைவிட அதிகமானால் வண்டி கவிழும், குறைந்தால் சறுக்கும். காய்ந்த தார்ச் சாலையில் ரப்பருக்கு இது 1-ஐ ஒட்டி இருக்கும். புழுதியிலும் சரளையிலும் வெகுவாகக் குறைந்துவிடும். அதனால்தான் செம்மண் மைதானத்தில் அழகாகப் புழுதி கிளப்பிச் சறுக்கித் திரும்பிய அதே மான்ஸ்டர் டிரக், தார்ச் சாலைக்கு வந்ததும் குட்டிக்கரணம் போடுகிறது. போதாக்குறைக்கு நாம் கேட்கும் வளைவும் அநியாயமானது: 30 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று மீட்டர் ஆரத்தில் திரும்பு என்றால் புவியீர்ப்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் பக்கவாட்டு முடுக்கம் வேண்டும். சாதாரண டயர் எதுவும் அதைத் தராது.

வீட்டு முன் சிமெண்ட் தெருவும் தார்ச் சாலையும்தான் இருக்கிறது என்றால் தாழ்வாக, அகலமாக இருக்கும் ஷார்ட் கோர்ஸ் டிரக் பொருந்தும். 2008-ல் வந்த ஸ்லாஷ் இந்த வகைதான். அதன் பாடி சக்கரங்களையும் மூடியிருப்பதால் பக்கவாட்டு இடிகளில் ஒரு பங்கை அதுவே வாங்கிக்கொள்ளும். புல்லும் மேடும் பள்ளமுமான காலி மனைகளுக்கு ஸ்டாம்பீட், அர்மா கிரானைட் போன்ற பெரிய சக்கர மான்ஸ்டர் டிரக்குகள். இடமே இல்லை, மொட்டை மாடியும் நாலு செங்கல்லும்தான் என்றால் கிராலர். நடக்கும் வேகத்தில் பாறை ஏறும் இந்த வண்டிகள் கவிழ்ந்தாலும் பெரிதாக எதுவும் உடைவதில்லை. ஆக்சியல் நிறுவனத்தின் எஸ்.சி.எக்ஸ்.24 கிராலர் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. வேகத்தில் மனசு இல்லாதவர்களுக்கு, குறிப்பாகப் பத்து வயதுக் குழந்தையோடு சேர்ந்து ஓட்ட நினைப்பவர்களுக்கு, நான் கிராலரைத்தான் சொல்வேன்.

அடுத்த குழப்பம் மோட்டார். பழைய வகை பிரஷ்டு மோட்டாரில் கார்பன் பிரஷ்கள் சுழலும் பகுதியைத் தொட்டுக்கொண்டே மின்சாரத்தின் திசையை மாற்றுகின்றன. தேயும், விலை குறைவு. பிரஷ்லெஸ் மோட்டாரில் காந்தம் சுழல்கிறது, சுருள் அசையாமல் இருக்கிறது. எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் என்பதை வேகக் கட்டுப்பாட்டுக் கருவியான இ.எஸ்.சி. கணக்கிட்டுத் தருகிறது. இதில் கே.வி. என்ற எண் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பதைக் குறிக்கும். 3500 கே.வி. மோட்டாருக்கு 7.4 வோல்ட் கொடுத்தால், சுமையில்லாதபோது நிமிடத்துக்கு ஏறக்குறைய 26,000 சுற்று. பிரஷ்லெஸ்தான் உசத்தி, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஓட்டப் பழகாத கையில் அது கொடுக்கும் ஆற்றல், முன்பு சொன்ன மூன்று மாடிக் கணக்கைத்தான் பெருக்கும். பிரஷ்டில் தொடங்கலாம், அல்லது பிரஷ்லெஸ் வாங்கி வேகத்தைக் கட்டுப்படுத்தி ஓட்டலாம்.

இரண்டு வகை மோட்டாருக்கும் எமன் சூடு. சுழலும் மோட்டார் தானே ஒரு எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, உள்ளே வரும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்துகிறது. அடர்ந்த புல்லில் சிக்கி வேகம் குறைந்தால் அந்த எதிர் மின்னழுத்தம் குறைகிறது, மின்னோட்டம் ஏறுகிறது. சூடு மின்னோட்டத்தின் இருமடியாக ஏறும். மின்னோட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. வண்டி முக்கும்போது ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடிப்பது மோட்டாரைக் கொல்லும் நேர்வழி. மோட்டாரின் தண்டில் இருக்கும் பினியன் கியரைப் பல் குறைவானதாக மாற்றினால் உச்ச வேகம் கொஞ்சம் குறையும், மோட்டார் குளிர்ந்திருக்கும். நம் கோடைக்கு அதுவே சரி. மாற்றும்போது பினியனுக்கும் பெரிய ஸ்பர் கியருக்கும் நடுவே ஒரு நோட்டுத் தாள் துண்டை வைத்து அழுத்தி, மோட்டார் திருகை இறுக்கிவிட்டுத் தாளைச் சுழற்றி எடுங்கள். பற்களுக்கு இடையே வேண்டிய இடைவெளி கிடைத்துவிடும்.

பேட்டரிதான் இந்த வண்டியில் உண்மையிலேயே ஆபத்தான பாகம். நிக்கல் பேட்டரி கனமானது, சாது. லிப்போ என்னும் லித்தியம் பாலிமர் பேட்டரி இலகுவானது, மின்னோட்டத்தை வாரி வழங்கும், முரட்டுத்தனத்தைப் பொறுக்காது. ஒரு லிப்போ செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் உள்ளே வேதியியல் சேதம் தொடங்கும். பிறகு சார்ஜ் போடும்போது உப்பும், தீப்பிடிக்கவும் கூடும். அதற்கு முன்பே வண்டியை நிறுத்துவது இ.எஸ்.சி.யின் பொறுப்பு. சில இ.எஸ்.சி.களில் இந்தத் தடுப்பை நாமே இயக்கிவைக்க வேண்டும். கையேட்டில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். செல்களைச் சமப்படுத்தும் பேலன்ஸ் சார்ஜர் கட்டாயம். 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 5 ஆம்பியரைத் தாண்ட வேண்டாம். சில நாள் ஓட்டப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்து மூடுங்கள். கத்திரி வெயிலில் மூடிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். உப்பிய பேட்டரியை மறுபடி பயன்படுத்த வழியே கிடையாது.

ரேடியோவில் பெரிய கவலை இல்லை. 27 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் இரண்டு பேர் அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிரிஸ்டலை ஒரே மாதிரி வைத்திருந்தால் ஒருவர் வண்டி இன்னொருவர் பேச்சைக் கேட்கும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் தமக்குரிய ரிசீவரோடு அடையாளம் வைத்துக்கொண்டு பேசுவதால் அந்தத் தொல்லை போய்விட்டது. முதலில் ரிமோட்டைப் போட்டுப் பிறகு வண்டியைப் போடுங்கள். நிறுத்தும்போது வண்டி முதலில். ஒருமுறை சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்து மெதுவாகச் சுழலவிட்டு, ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். சக்கரம் நின்றால், சிக்னல் அறுந்ததும் வண்டியை நிறுத்தும் ஃபெயில்சேஃப் வேலை செய்கிறது.

மெரினா, பெசன்ட் நகர் பக்கம் கொண்டுபோக ஆசை வரும். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்பது மின்கருவிகளுக்கு மட்டுமே கொடுக்கப்படும் உறுதி. பேரிங்குகளுக்கும் திருகுகளுக்கும் உப்புத் தண்ணீரிடம் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

இந்தியாவில் வாங்குபவருக்கு இன்னொரு சிக்கல், இந்த வண்டிகளில் பெரும்பாலானவை இறக்குமதி. வண்டி கடையில் இருக்கும், அதன் முன்சக்கரக் கை வர வாரக்கணக்கில் ஆகும். எம்.ஜே.எக்ஸ். ஹைப்பர் கோ போன்ற சீன வண்டிகள் இப்போது குறைந்த விலையில் பிரஷ்லெஸ் மோட்டாரோடு வருகின்றன, மோசமில்லை. எந்த பிராண்டானாலும் காசைக் கொடுக்குமுன் கடைக்காரரிடம் இரண்டு முன்சக்கரக் கை, ஒரு ஸ்பர் கியர், ஒரு சர்வோ சேவர், பாடியை மாட்டும் கிளிப் ஒரு கொத்து இன்றைக்கே கிடைக்குமா என்று கேளுங்கள். இருந்தால் வண்டியோடு சேர்த்து அவற்றையும் வாங்கிவிடுங்கள். “ஆர்டர் போட்டா வரும் சார்” என்று இழுத்தால், அடுத்த கடைக்குப் போங்கள்.