முட்டி வலிக்கு ஐந்து தடவை போதும், ஆனால் தினமும்

முட்டி வலியோடு பிசியோதெரபிக்கு வருகிறவர்களில் பலருக்கு என்ன பயிற்சி செய்ய வேண்டும் என்பது முன்பே தெரியும். எங்கோ கொடுத்த தாள் பீரோவில் பத்திரமாக இருக்கும். அதில் எட்டுப் பயிற்சிகள். முதல் வாரம் எட்டையும் செய்திருப்பார்கள். பிறகு ஒரு கல்யாணமோ காய்ச்சலோ வந்து நின்றுபோயிருக்கும். "எல்லாம் என் சோம்பேறித்தனம்தாங்க" என்று தங்களையே திட்டிக்கொள்வார்கள்.

விடியும் முன்னே கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் போய் மீன் எடுத்து, கூடையைச் சுமந்து தெருத்தெருவாக விற்றுவிட்டு வரும் அம்மாவை யார் சோம்பேறி என்பது? அரை மணி நேரப் பயிற்சிக்கு அவர் நாளில் இடமில்லை. இரண்டு நிமிஷத்துக்கு இருக்கிறது.

அதனால் நான் முதலில் ஒரே ஒரு பயிற்சிதான் கொடுக்கிறேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை மெல்ல நேராக நீட்டுங்கள். முன்தொடைச் சதையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, மெல்ல இறக்குங்கள். மூச்சை அடக்க வேண்டாம். ஒவ்வொரு காலுக்கும் ஐந்து தடவை. முட்டித் தேய்மானம் உள்ளவர்களுக்கு இந்தச் சதை இளைத்துவிடுகிறது. மாடி ஏறும்போதும் தரையிலிருந்து எழும்போதும் சிரமப்படுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஐந்து தடவையில் சதை பலப்பட்டுவிடாது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். முதல் மாதத்தில் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: தினமும் உட்கார்ந்து கால் நீட்டினாரா, இல்லையா?

எப்போது செய்வது? "நேரம் கிடைக்கும்போது" என்ற பதிலை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. அலாரத்திலும் எனக்கு நம்பிக்கை கிடையாது, சில நாளில் அணைத்துவிடுவோம். எந்த நாளும் தவறாமல் நடக்கிற ஒரு வேலையோடு இதை முடிச்சுப் போட வேண்டும். இரவு சீரியலில் முதல் விளம்பரம் வந்ததும் கால் நீட்டலாம். மீன் விற்கும் அம்மா கூடையை இறக்கிவைத்து டீ குடிக்க உட்காரும்போது செய்யலாம். ஆபீஸ்காரர் கம்ப்யூட்டரைப் போட்டதும் செய்யலாம்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கணக்கை நம்பாதீர்கள். மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழக 21 நாளாவது ஆகிறது என்று அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் 1960-இல் எழுதியது திரிந்து இப்படி ஆனது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், நடு அளவாக வந்தது 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசப்பட்டது (12 வாரத்தைத் தாண்டிய நாட்கள், பார்த்த போக்கை வைத்துக் கணக்கிட்டவை). எளிய பழக்கங்கள் சீக்கிரம் பிடித்தன, உடற்பயிற்சிக்கு அதிக நாள் ஆனது. ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பில்லை என்பதும் தெரிந்தது. இதை எல்லோரிடமும் அழுத்திச் சொல்கிறேன். காய்ச்சலோ துக்க வீடோ, ஒரு நாள் போனால் போகட்டும். மறுநாள் அதே ஐந்தைச் செய்யுங்கள், விட்டதையும் சேர்த்துப் பத்தாகச் செய்ய வேண்டாம்.

நடைக்கும் இதே வழிதான். சித்திரையில் சில்வர் பீச்சில் நடக்கத் தொடங்குகிறவர்கள் ஐப்பசி மழையில் நிறுத்திவிட்டு, தை பிறந்தும் திரும்ப வருவதில்லை. மழைக்காலத்தில் சாப்பிட்டதும் கூடத்திலேயே ஐந்து நிமிஷம் நடங்கள். ஒரு தடவைக்குப் பத்து நிமிஷமாவது நடந்தால்தான் கணக்கு என்று உலக சுகாதார நிறுவனம் முன்பு சொல்லிவந்தது. 2020 வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் என்ற இலக்கைத் துண்டு துண்டாகவும் சேர்க்கலாம்.

ஐந்து தடவை ரொம்பச் சுலபமாக இருக்கிறது என்று நீங்களே சொல்லும்போது எட்டாக்குவோம், பிறகு பத்து, அதன்பின் கணுக்காலில் அரைக் கிலோ மணல் பை. பயிற்சிக்குப் பின் வரும் லேசான வலி மறுநாளுக்குள் அடங்கினால் பயமில்லை. முட்டி சிவந்து சூடாக வீங்கினாலோ, பாதியில் மடங்கிச் சிக்கிக்கொண்டாலோ, வலியோடு காய்ச்சலும் இருந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே எலும்பு டாக்டரைப் பாருங்கள்.