டப்பாவில் பச்சை இலை படம் இருந்தால் போதுமா?

போன வருடம் ஒரு வீட்டில் பழைய தேக்கு அலமாரிக்கு உள்ளேயும் வெளியேயும் மெலமைன் பாலிஷ் அடித்துக் கொடுத்தேன். கண்ணாடி மாதிரி வந்தது, எனக்கும் பெருமைதான். இரண்டு வாரம் கழித்து வீட்டம்மா ஃபோன் செய்து, கதவைத் திறந்தாலே கண் எரிகிறது, புடவையெல்லாம் நெடி அடிக்கிறது என்றார். தப்பு என்னுடையதுதான். மெலமைன் இறுகும்போது ஃபார்மால்டிஹைடு என்ற கண்ணை எரிக்கும் வாயு வெளியேறும். மேஜை, நாற்காலி என்றால் காற்றோடு போய்விடும், மூடியே கிடக்கும் அலமாரிக்குள் அது எங்கே போகும்?

அதிலிருந்து அலமாரியின் உள்பக்கத்துக்கு அரக்கு பாலிஷ்தான். நம் பழைய ஆசாரிகள் அடித்த அதே பிரெஞ்ச் பாலிஷ். அரக்குப்பூச்சி தரும் பிசினை ராத்திரியே ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, மறுநாள் வடிகட்டி, பஞ்சுத் துணியால் தேய்ப்பது. ஸ்பிரிட் ஆவியும் நல்லதல்ல, ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆனால் சீக்கிரம் போய்விடும், பிறகு நெடியே இருக்காது. சாப்பாட்டு மேஜைக்கு மட்டும் வேண்டாம். சூடான காபி டம்ளரை வைத்தால் வெள்ளை வட்டம் விழும், அங்கே தின்னருக்குப் பதில் தண்ணீரை வைத்துத் தயாரித்த பி.யூ. (பாலியூரிதேன்) பாலிஷ் நல்லது.

டப்பாவில் பச்சை இலை படத்தோடு 'லோ வி.ஓ.சி.', அதாவது காற்றில் ஆவியாகும் ரசாயனம் குறைவு என்று போட்டு, லிட்டருக்கு இத்தனை கிராம் என்று ஒரு எண் இருக்கும். அதைப் பார்த்து வாங்குகிறீர்கள், சரி. அப்புறம் பாலிஷ்காரர் ஓட்டம் வரவில்லை என்று பக்கத்து டப்பாவிலிருந்து தின்னரை ஊற்றினால் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? லேக்கரில் பாதிக்குப் பாதி ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் என்ன பிராண்ட் என்பதைவிட, இதில் என்ன கலப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

தண்ணீர் கலந்த ஸ்டெயின், அதாவது மரத்துக்கு நிறம் ஏற்றும் சாயம், மரத்தின் நாரைக் கிளப்பும், கையில் சொரசொரவென்று இருக்கும். இதற்காகவே பாதிப்பேர் அதைத் தொடுவதில்லை. முதலில் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, காயவிட்டு, நைஸ் உப்புத்தாள் போட்டு, அதற்குப் பிறகு ஸ்டெயின் அடித்தால் தொந்தரவு வெகுவாகக் குறையும். ஐப்பசி மழையில் மட்டும் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், காயவே காயாது.

இயற்கை என்றாலே ஆபத்தில்லை என்பதும் கிடையாது. ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணிகளைச் சுருட்டி ஒரு பக்கெட்டில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனோம், திரும்பி வந்தால் புகை. அந்த எண்ணெய் காயும்போதே சூடாகும், குவியலாகக் கிடந்தால் தானே பற்றிக்கொள்ளும். இப்போதெல்லாம் துணியைத் தண்ணீரில் முக்கிவிட்டுத்தான் டீ.

பழைய கதவின் பெயிண்டைச் சுரண்டுகிறவர்களுக்கு ஒன்று. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. தாத்தா காலத்துப் பச்சைக் கதவில் எவ்வளவு இருக்குமோ! உலர்வாகத் தேய்க்காதீர்கள், தண்ணீர் தெளித்துத் தேயுங்கள், அன்றைக்குக் குழந்தைகளை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.