கோல் கீப்பர் கோல் அடிக்கலாமா? விதி சொல்வது என்ன?

அடிக்கலாம். காலால் உதைக்கலாம், தலையால் முட்டலாம், எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் பெனால்டியோ ஃப்ரீ கிக்கோ எடுக்கலாம். கையால் எறிந்து மட்டும் கோல் போட முடியாது. இதில்தான் பலருக்கும் குழப்பம், அதனால் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

கால்பந்துக்கு மொத்தம் 17 விதிகள். அவற்றை எழுதுவதும் திருத்துவதும் இஃபாப் என்ற சர்வதேச வாரியம். அந்த 17 விதிகளில் எதிலும் கோல் கீப்பர் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது என்று இல்லை. அவருக்குள்ள பெரிய சலுகை, தன் பெனால்டி கட்டத்துக்குள் பந்தைக் கையால் தொடலாம் என்பது. கட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டால் அவரும் மற்ற பத்துப் பேரைப் போலத்தான்.

இனி கை விஷயம். கீப்பர் எறிந்த பந்து யார் மேலும் படாமல் நேராக எதிரணி வலைக்குள் போனால் கோல் கிடையாது. எதிரணிக்கு கோல் கிக், அதாவது தங்கள் வலைக்கு முன்னாலிருந்து பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடரும் வாய்ப்பு, கொடுப்பார்கள். இதை 10-ஆம் விதியில் 2019-இல்தான் சேர்த்தார்கள். ஆட்டக்காரர் கையில் தெரியாமல் பட்டு நேரே வலைக்குள் போகும் பந்தும் கோல் ஆகாது என்று எழுதியதும் அதே ஆண்டுதான். கால்பந்தில் கையால் கோல் வரக் கூடாது என்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை. எனக்கு இது நியாயமான திருத்தமாகவே படுகிறது.

அதே கீப்பர் கையிலிருக்கும் பந்தைக் கீழே விட்டு உதைத்து, அது நேராக எதிரணி வலைக்குள் போனால்? கோல்தான், ஏனென்றால் கடைசியாகப் பட்டது கால்.

கோல் கிக்கில் நேரடியாக கோல் அடிக்கலாம் என்பது 1997-இல் வந்த மாற்றம். 2021 ஜனவரியில் இங்கிலாந்தில் நியூபோர்ட் கவுண்ட்டி கீப்பர் டாம் கிங், செல்ட்டன்ஹாம் அணிக்கு எதிராக எடுத்த கோல் கிக் தரையில் குத்தி எழும்பி, எதிர் கீப்பரின் தலைக்கு மேலே போய் வலையில் விழுந்தது. கின்னஸ் குறித்துக்கொண்ட தூரம் 96.01 மீட்டர்! 2013-இல் ஸ்டோக் சிட்டியின் அஸ்மிர் பெகோவிச், சவுத்தாம்ப்டனுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 13-ஆவது விநாடியில் தன் பக்கத்திலிருந்து தூக்கி அடித்த பந்தும் இப்படித்தான் எழும்பி உள்ளே போனது. அவர் கொண்டாடவே இல்லை. எதிர்முனையில் ஏமாந்து நின்றதும் ஒரு கீப்பர்தானே.

பெனால்டி, ஃப்ரீ கிக்கை யார் எடுப்பது என்பது அணியின் விருப்பம். பிரேசிலின் ரொஜேரியோ சேனி, சாவ் பாவ்லோ அணிக்காக இப்படியே நூறு கோலுக்கு மேல் அடித்தார். பராகுவே கீப்பர் சிலாவெர்ட் 1999-இல் ஒரே ஆட்டத்தில் மூன்று பெனால்டி அடித்து ஹாட்ரிக் எடுத்தார். ஆட்டம் சமனில் முடிந்தால் வெற்றியாளரை முடிவுசெய்ய இரு அணியும் மாறி மாறி பெனால்டி அடிக்கும் ஷூட் அவுட்டிலும் கீப்பருக்கு முறை உண்டு. 2021 யூரோப்பா லீக் இறுதியில் மற்ற பத்துப் பேரும் அடித்து முடித்து, கடைசியில் இரண்டு கீப்பர்களும் மோதினார்கள். வில்லாரியலின் ருல்லி தன் முறையில் அடித்தார், பிறகு மான்செஸ்டர் யுனைடெட்டின் டி கேயா அடித்ததைத் தடுத்தார். கோப்பை 11-10 என்ற கணக்கில் வில்லாரியலுக்குப் போனது.

நான் மறக்காதது 2021 மே 16. வெஸ்ட் பிராம் மைதானம், 95-ஆவது நிமிடம், 1-1. லிவர்பூலுக்கு வெற்றி தேவை. எதிரணி மூலையிலிருந்து அடிக்கும் கார்னருக்காக கீப்பர் அலிசன் தன் வலையை விட்டுவிட்டு முழு மைதானமும் ஓடி வந்தார். பந்து பறந்து வர, தாவி முட்டினார். வலையின் மூலையில் போய் விழுந்தது. பிப்ரவரியில்தான் தந்தையை இழந்திருந்தார். ஆட்டம் முடிந்து பேசும்போது கண் கலங்கிவிட்டது.

அப்புறம், கீப்பர் இப்படி முன்னால் போனால் ஆஃப்சைடு (சக ஆட்டக்காரர் பந்தை அடிக்கும்போதே எதிரணித் தற்காப்பைத் தாண்டி முன்னால் நிற்பது) கணக்கையும் கவனிக்க வேண்டும். கோல் கோட்டுப் பக்கம் கடைசியாக நிற்கும் இரண்டு எதிரணி ஆட்டக்காரர்களை வைத்துத்தான் ஆஃப்சைடு பார்ப்பார்கள். அதில் ஒருவர் கீப்பராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் பந்து அடிக்கப்படும்போது தன் பாதியில் நிற்பவருக்கு ஆஃப்சைடே கிடையாது. கார்னரில் பந்து பறிபோனால், தன் பாதியிலிருந்து ஓடத் தொடங்கும் எதிரணிக்காரருக்கு எதிரே இருப்பது காலியான வலை.