மெலிந்த குழந்தைக்குக் கூடுதல் உணவு: பால்வாடியில் கேட்டு வாங்க வேண்டியது

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013 என்றதும் ரேஷன் அரிசிதான் நினைவுக்கு வரும். அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு பலர் கண்ணில் படுவதில்லை. ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளை அங்கன்வாடி மூலம் கண்டறிந்து இலவசமாக உணவு கொடுப்பது மாநில அரசின் கடமை என்கிறது அது. 6 மாதம் முதல் 6 வயது வரை உள்ள மற்ற குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் என்றால், இவர்களுக்கு 800 கலோரி, 20 முதல் 25 கிராம் புரதம் என்று சட்டம் வந்தபோது அட்டவணை போட்டார்கள். 2023-இல் நுண்சத்துகளையும் சேர்த்து அதைத் திருத்தினார்கள்.

சரி, யாரைக் குறைபாடுள்ள குழந்தை என்று சொல்வது? "எங்க வம்சமே ஒல்லிதான்" என்ற பேச்சு இங்கே செல்லாது. 6 மாதம் முதல் 5 வயது வரையான குழந்தையின் மேல்கையை நாடாவால் அளந்து பார்ப்பார்கள். 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் கடுமையான குறைபாடு. 11.5-இலிருந்து 12.5-க்குள் என்றால் மிதமானது. உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டு பாதங்களும் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்தால் நாடா என்ன காட்டினாலும் அது கடுமையான குறைபாடுதான். வீக்கத்தைப் பார்த்து 'பிள்ளை சதை போட்டிருக்கு' என்று ஏமாந்துவிடக் கூடாது.

அடுத்து பசி. கடுமையான குறைபாடு இருந்தும் காய்ச்சல், வீக்கம் எதுவும் இல்லாமல் நன்றாகச் சாப்பிடுகிற குழந்தையை வீட்டிலேயே வைத்துத் தேற்றலாம். சாப்பாட்டை ஒதுக்கினாலோ, சோர்ந்து கிடந்தாலோ, பாதம் வீங்கியிருந்தாலோ மருத்துவமனையில் உள்ள ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே முதல் சில நாட்கள் 100 மில்லிக்கு 75 கலோரி உள்ள பால் கலவையைச் சிறிது சிறிதாக, இரவிலும் விடாமல் கொடுப்பார்கள். "இவ்வளவுதானா?" என்று தாய்மார்கள் கவலைப்படுவது உண்டு. ஆனால் பட்டினியில் துவண்ட உடம்புக்கு எடுத்த எடுப்பில் நிறையக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. பசி திரும்பிய பிறகுதான் 100 கலோரி கலவைக்கு மாற்றுவார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கென்றே 2022-இல் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் தொடங்கியது. 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கடுமையான குறைபாடு இருந்தால் உணவு தாய்க்கு: நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து மருந்து அடங்கிய பெட்டகம். தாய்ப்பால்தான் அந்தக் குழந்தைக்கு மருந்து.

பெரும்பாலும் கோட்டை விடுவது வீட்டில்தான். சத்துமாவு பாக்கெட் வந்ததும் உருண்டை பிடித்து எல்லாருக்கும் பங்கு வைத்துவிடுகிறோம். அது அந்தக் குழந்தைக்கு அளந்து கொடுத்தது. அதோடு வீட்டுச் சாப்பாட்டில் பருப்பு, முட்டை, ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர வேண்டும். சின்ன வயிற்றில் நிறையக் கஞ்சி கொள்ளாது. எண்ணெய் சேர்த்தால் கொஞ்சத்திலேயே கலோரி ஏறும்.

எடை, உயரம், கைச்சுற்றளவு மூன்றையும் டீச்சரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உணவு கிடைக்காவிட்டால் அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவின்கீழ் உணவுப் பாதுகாப்புப் படி, அதாவது உணவுக்குப் பதிலாக அரசு தரும் பணம் கேட்கலாம். புகாரை மாவட்டக் குறைதீர் அலுவலரிடம் கொடுக்க வேண்டும்.