குறுகுறுக்கும் நெஞ்சுக்கு என்ன வேண்டும்?

சாப்பாட்டு அறையிலிருந்து ஒரு பொடியன் வெளியே வருகிறான். வயது இரண்டே முக்கால்கூட ஆகவில்லை. கண்ணில் வழக்கத்துக்கு மாறான பளபளப்பு, நடையில் ஒரு மாதிரியான பாசாங்கு. அப்பா உள்ளே போய்ப் பார்த்தால், தொடக்கூடாது என்று சொல்லியிருந்த சர்க்கரைத் தூளை எடுத்திருக்கிறான். இரண்டு வாரம் கழித்து அதே அறை, அதே பையன். இந்த முறை மேலாடையைக் கவனமாகச் சுருட்டிப் பிடித்திருக்கிறான். உள்ளே என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லையாம். "போ, போ" என்று அப்பாவையே விரட்டுகிறான். பிரித்துப் பார்த்தால் ஊறுகாய்ச் சாற்றின் கறை.

அந்த அப்பா சார்லஸ் டார்வின். 1877இல் இதை வெளியிட்டபோது ஒன்றைக் குறிப்பாகச் சொன்னார்: சர்க்கரை எடுத்த நாள்வரை அவன் எதற்கும் தண்டிக்கப்பட்டதே இல்லை. ஆகவே அந்தப் பளபளப்புக்குப் பயம் காரணமல்ல. குதூகலமும் மனசாட்சியும் உள்ளே மல்லுக்கட்டியிருக்க வேண்டும். அடி விழுமே என்ற நடுக்கம் வேறு, நெஞ்சின் குறுகுறுப்பு வேறு.

உளவியலில் இன்னொரு கோடும் உண்டு. 1971இல் ஹெலன் பிளாக் லூயிஸ் அழுத்தமாகக் கிழித்த கோடு அது. 'இப்படி ஒரு காரியம் செய்தேனே' என்பது குற்ற உணர்வு. 'நான் இப்படிப்பட்ட ஆளா' என்பது அவமானம். பேச்சில் இரண்டையும் கலந்துதான் சொல்கிறோம், ஆனால் இரண்டும் நம்மை எதிரெதிர்த் திசையில் தள்ளுகின்றன. அவமானம் ஒளிந்துகொள்ளச் சொல்லும். சில சமயம் பாதிக்கப்பட்டவர் மீதே எரிந்து விழவும் வைக்கும். குற்ற உணர்வோ அவர் வீட்டு வாசலுக்கு இழுக்கும்: போய்ப் பேசு, எடுத்ததைத் திருப்பிக் கொடு. செய்த காரியம் என்றால் சரிசெய்ய வழியுண்டு. ஆளே சரியில்லை என்றால் எங்கிருந்து தொடங்குவது?

அந்த இழுப்புக்கு வழிவிடாதபோது மனம் குறுக்குவழி தேடுகிறது. ஆஸ்திரேலியாவில் பிராக் பாஸ்டியனும் சகாக்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், சிலரைத் தாங்கள் செய்த ஒரு தவறைப் பற்றி எழுதச் சொன்னார்கள். வேறு சிலரை அன்றாடச் சந்திப்பு ஒன்றைப் பற்றி. பிறகு பனிக்கட்டி நீரில் கையை விடச் சொன்னார்கள். தவறை எழுதியவர்கள் கூடுதல் நேரம் கையை எடுக்காமல் வைத்திருந்தார்கள், வலியும் அதிகம் என்றார்கள். எடுத்த பிறகு உறுத்தல் குறைந்திருந்தது. தவறை எழுதிவிட்டு, பனிக்கட்டி நீருக்குப் பதில் வலிக்காத வேலையைச் செய்தவர்களுக்கு அந்த அளவுக்குக் குறையவில்லை. யாருக்குத் தீங்கு செய்தார்களோ அவருக்கு இதனால் துளிப் பயனும் இல்லை. தன்னை வருத்திக்கொள்வதில் எனக்குத் தெரியும் ஆபத்து இதுதான்: கடன் அப்படியே நிற்கிறது, தீர்த்துவிட்ட நிம்மதி மட்டும் வந்துவிடுகிறது.

இன்னொரு குறுக்குவழி, பாதி உண்மை. ஓர் ஆய்வில், நாணயச் சுண்டலில் பூவா தலையா என்று ஊகிக்க வேண்டும், சரியான ஊகத்துக்குப் பணம், எத்தனை சரி என்பதை அவரவரே சொல்லிக்கொள்ளலாம். ஏமாற்ற வாகான ஏற்பாடு. பின்னர் ஒப்புக்கொள்ள வாய்ப்புத் தந்தபோது சிலர் முழுதாகச் சொன்னார்கள், சிலர் வாயே திறக்கவில்லை, சிலர் 'கொஞ்சம்தான்' என்று நிறுத்திக்கொண்டார்கள். 2014இல் வெளியான இந்த ஆய்வில் மூன்றாவது கூட்டத்தின் மனநிலைதான் ஆக மோசம், வாய் திறக்காதவர்களைவிடவும். பாதியைச் சொன்னால் பாதி பாரம் இறங்கும் என்று நினைப்போம். நடப்பது வேறு. தப்பு செய்தவன் என்ற பெயரும் வந்துவிட்டது, மீதியை மூடிக் காக்கும் வேலையும் தீரவில்லை. சுருட்டிப் பிடித்த மேலாடையை விடவே முடியாது.

அப்படியானால் மன்னிப்புக் கேட்பதில் எது வேலை செய்கிறது? ராய் லெவிக்கி குழுவினர் 2016இல் மன்னிப்பை ஆறு கூறுகளாகப் பிரித்துப் பார்த்தார்கள். எதிரில் இருப்பவர் மனத்தில் அதிகம் நின்றது 'தப்பு என்னுடையது' என்ற ஒப்புதல். அடுத்தது சரிசெய்து தருகிறேன் என்ற உறுதி. கடைசி இடம், 'என்னை மன்னித்துவிடு' என்ற வேண்டுகோளுக்கு.

இதைப் படித்தபின் அறிக்கைகளில் வரும் 'யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்' என்ற வாசகத்தைப் பிரித்துப் பார்த்தேன். புண்பட்ட மனம் இருக்கிறது, அதுவும் 'இருந்தால்' என்ற சந்தேகத்தோடு. வருந்துகிறவரும் இருக்கிறார். புண்படுத்தியவரைத்தான் காணோம்.