ஓட்டை டிஸ்க்கா, துளை வட்டா?

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு உதிரிப்பாகக் கடை. மச்சானின் காருக்கு, முன் சில்லுகளோடு சுழலும் பிரேக் டிஸ்க் இரண்டும் தேய்ந்துவிட்டன. மாற்றுவதுதான் மாற்றுகிறோம், கொஞ்சம் வடிவானதாகப் போடுவோம் என்று அவனுக்கு ஆசை. கடைக்கார நானா பெட்டிகளை இறக்கிக்கொண்டே கேட்டார்: "தம்பி, ஓட்டை போட்டதா, கீறல் போட்டதா, ரெண்டும் உள்ளதா?"

பெட்டியின் மேல் 'டிஸ்க் ரோட்டர்' என்றிருந்தது. பிரித்தானியர் இதை டிஸ்க் என்பார்கள், அமெரிக்கர் ரோட்டர் என்பார்கள், ஜப்பான்காரர் இரண்டையும் ஒட்டி ஒரே பெயராக்கிவிட்டார்கள். கொழும்பில் நம் வாய்க்குப் பழகியது டிஸ்க். ரோட்டர், ஜப்பான் பெட்டியோடு வந்திறங்கியது.

ரோட்டர் என்ற சொல்லின் வேர் லத்தீன் 'ரோட்டா', அதாவது சில்லு. சுழல்வது எதுவோ அது ரோட்டர். தமிழில் 'சுழலி' என்று சொல் இருக்கிறது, மின்மோட்டாருக்கு நன்றாகப் பொருந்தும். காரில் என்றால் சில்லும் சுழல்கிறது, அச்சும் சுழல்கிறது. எல்லாமே சுழலியானால் எதைக் கேட்டு வாங்குவது?

டிஸ்க் கிரேக்கத்து 'டிஸ்கோஸ்'. எறிவதற்கான வட்டத் தகடு. பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் தட்டெறிதல் என்று பார்த்தோமே, அதே தட்டுதான். ஆனால் பிரேக்குக்குத் தட்டு என்ற சொல்லைக் கொடுக்க எனக்கு மனமில்லை. கிளட்ச் பிளேட் ஒன்று இருக்கிறது, அதற்குத் தட்டு வேண்டும்.

எஞ்சுவது வட்டு. பழைய சொல். நற்றிணை 3ஆம் பாடலில் வேப்பமர நிழலில் சிறுவர்கள் கட்டம் கீறி நெல்லிக்காயை வட்டாக வைத்து ஆடுகிறார்கள். பாட்டு சீடியை 'இறுவட்டு' என்று நாம் சொல்லத் தொடங்கிப் பல வருடமாகிவிட்டது. ஆகவே பிரேக் டிஸ்க், தடுப்பு வட்டு. டிஸ்க் பிரேக் என்ற முழு அமைப்பு, வட்டுத் தடுப்பு. இங்கிலாந்துப் பொறியியலாளர் லான்செஸ்டர் 1902இல் காப்புரிமை பெற்றது இந்த அமைப்புக்கு. 1953இல் பிரான்ஸின் லே மான் கார்ப் பந்தயத்தை ஜகுவார் இந்தத் தடுப்போடு வென்ற பிறகுதான் அதன் பேர் ஊரெல்லாம் பரவியது.

இனி நானாவின் சொற்கள். ஓட்டை என்றால் பழுது. ஓட்டைப் பானை, ஓட்டை வாளி. வேண்டுமென்றே போட்டது துளை. புல்லாங்குழலில் இருப்பதை ஓட்டை என்று யாரும் சொல்வதில்லை. கீறலும் அப்படித்தான். பிரேக் பேட், அதாவது மிதிக்கும்போது வட்டை இறுக்கும் பட்டை, தேய்ந்து இரும்போடு இரும்பு உரசினால் வட்டில் விழுவது கீறல். கருவி வைத்து அளவாக வெட்டிய நீளப் பள்ளத்துக்குத் தச்சரிடம் சொல் இருக்கிறது: காடி. துளை வட்டு, காடி வட்டு, துளைக்காடி வட்டு. முடிந்தது.

பெயர் வேறானது போலவே வேலையும் வேறு. பழைய பேட்கள் சூடேறினால் வாயு கக்கும். அது பேட்டுக்கும் வட்டுக்கும் நடுவில் படலமாக நின்று பிடியைக் குறைக்கும். அது வெளியேறத்தான் துளை. இப்போதைய பேட்களில் அந்தத் தொல்லை குறைவு, மழைநீர் விலக இன்னும் உதவும். காடி, தூசியையும் நீரையும் வழித்துத் தள்ளி, பேட்டின் முகத்தைச் சுரண்டிப் புதிதாக வைக்கும். அதனால் பேட் சீக்கிரம் தேயும், மெல்லிய இரைச்சலும் வரும். கடுமையாகச் சூடேறி ஆறும் வட்டில் துளையோரம்தான் முதலில் மயிரிழை வெடிப்பு ஓடும். காலி வீதி நெரிசலில் ஊர்கிற காருக்கு இரண்டுமே நகைதான். நுவரெலியாவிலிருந்து இறங்குகிறவருக்கு வேண்டுமானால், துளையை விடக் காடியையே நான் சொல்வேன்.

வெள்ளவத்தைக் கராஜில் மெக்கானிக் பாஸ் சில்லைக் கழற்றி, பேட்களை அழுத்தும் கவ்வியான கலிப்பரை அதன் பிரேக் எண்ணெய் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டினார். பழைய வட்டை எடுத்ததும் அது பொருந்தியிருந்த அச்சுமுகத்தில் செம்பழுப்பாய்த் துரு. கம்பித் தூரிகையால் பளிச்சென்று வரும்வரை தேய்த்தார். அங்கே துரு மிஞ்சினால் வட்டு துளியூண்டு சாய்ந்து நிற்கும், நாளடைவில் பிரேக் மிதித்தால் பெடல் துடிக்கும். புது வட்டின் துருத்தடுப்பு எண்ணெயைத் துடைத்தார். உள்ளே காற்றுவழி வளைந்திருந்ததால் இடது எது, வலது எது என்று பார்த்து மாட்டினார். பேட்டும் புதிது. கார் நகருமுன் பெடலை இறுகும்வரை மிதித்தார்.

"இப்ப சடாரென்று பிரேக் அடிக்காதே, செட் ஆக வேணும்" என்றார். மிதமான வேகத்தில் ஓடி, முழுதாக நிறுத்தாமல் வேகத்தைக் குறைத்து, ஆறவிட்டு, மறுபடி செய்ய வேண்டும். பேட்டின் பொருள் மெல்லிய பூச்சாக வட்டில் ஒட்டும். இதற்கும் நல்ல சொல் வீட்டிலேயே இருக்கிறது: புது மண்சட்டியை அடுப்பில் வைக்குமுன் அம்மா செய்வாரே, பழக்குதல். மச்சான் ஞாயிறு விடியற்காலை, பின்னால் வாகனம் வராத நேரம் பார்த்து, மரைன் டிரைவில் வட்டைப் பழக்கினான்.