விரலில் குத்திய பிறகு

எங்கள் ஊர் அரிமா சங்கத்தினர் (லயன்ஸ் கிளப்) நடத்தும் சர்க்கரை நோய் முகாம்களுக்கு மருத்துவராகப் பல ஆண்டுகளாகச் சென்று வருகிறேன். பார்வையற்றோருக்குத் துணை நிற்குமாறு ஹெலன் கெல்லர் 1925ஆம் ஆண்டு விடுத்த வேண்டுகோளை ஏற்று கண் நலப் பணியில் இறங்கிய அந்த இயக்கம், பார்வையைப் பறிக்கும் சர்க்கரை நோயையும் இன்று தன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாகக் கொண்டிருக்கிறது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு இந்நோய் இருக்கக்கூடும் என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு மதிப்பிட்டது. அத்தனை பேரையும் மருத்துவமனைகள் மட்டும் தேடிக் கண்டுபிடித்துவிட முடியாது.

ஒரு முகாமில், பலாச்சுளை உரித்து விற்கும் அம்மா ஒருவருக்குச் சர்க்கரை அளக்கும் கருவி 312 மி.கி. என்று காட்ட, அவர் கண்கலங்கிவிட்டார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வரச் சொன்னேன். மறுபடி பார்த்தபோது 124. விரலில் ஒட்டியிருந்த பழச்சாறுதான் அந்த அளவைக் கூட்டிக் காட்டியிருந்தது. விரல் நுனி இரத்தத்தில் பார்க்கும் அளவு ஒரு எச்சரிக்கையே தவிர முடிவான தீர்ப்பு அன்று. ஆய்வகத்தில் வெறும் வயிற்றில் 126 அல்லது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் HbA1c 6.5 சதவீதம், அல்லது இவற்றுக்கு மேல் இருந்து, மறுபரிசோதனையிலும் அது உறுதியானால்தான் பொதுவாக நோய் என்கிறோம்.

இன்னொருவருக்கு உண்மையிலேயே 290 இருந்தது. "பொங்கல் முடியட்டும் டாக்டர், வந்து பார்க்கிறேன்" என்று சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனவர், எட்டு மாதங்கள் கழித்து, சர்க்கரையால் மரத்துப்போன பாதத்தில் ஏறிய முள்ளை உணராமலே நடந்து, புண்ணாகிச் சீழ் பிடித்த காலோடு வந்தார். நாங்கள் அவருக்கு எண்ணைச் சொன்னோமே தவிர, அதற்குப் பிறகு யாரும் அவரைத் தேடவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

மருத்துவரால் தெருத்தெருவாகச் சென்று விசாரிக்க இயலாது, சங்க உறுப்பினர்களால் இயலும். ஊரில் அவர்களை அறியாதவர் இல்லை, அவர்கள் சொன்னால் மறுப்பவரும் குறைவு. நவம்பர் 14, உலக நீரிழிவு நாளன்று பூங்காவில் நடத்தும் முகாமுக்குப் பெரும்பாலும் ஏற்கெனவே நடைப்பயிற்சி செய்பவர்களே வருகிறார்கள். காய்கறிச் சந்தைக்கும் ஆட்டோ நிறுத்தத்துக்கும் அதைக் கொண்டுபோக வேண்டும். வருபவரின் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தையும் பார்க்க வேண்டும். அளவு கூடியிருப்பவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அவரது சம்மதத்தோடு எழுதி வைத்து, பத்து நாள் கழித்து "ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா அண்ணா?" என்று ஒருவர் தொலைபேசியில் கேட்க வேண்டும்.